சித்தியின் பயோடேட்டா

அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் அவள் சித்திதான். அக்காவின் பிள்ளைகள் இருவரும் வளர்ந்து கல்லூரி விடுதிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கூப்பிட்ட பெயர் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. காப்பகத்துக்கு வரும் வாண்டுகள் சித்தி என்றன. அவற்றைக் கொண்டுவந்து விடும் அப்பா அம்மாக்களும் சித்தி என்றார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர்கூட, "சித்தி, கேன் வெச்சாச்சு" என்றுதான் குரல் கொடுப்பார். அவருக்கு அவளைவிட வயது கூட.

குழந்தைகள் காப்பகம் அக்காவுடையது. அக்காவுக்கு வாய் சர்க்கரை. காலையில் கதவுப் பக்கம் நின்று, அழும் குழந்தையை விட்டுப் போக மனமில்லாமல் தவிக்கும் அம்மாக்களிடம், "நீங்க நிம்மதியா போங்க, இது உங்க குழந்தை இல்ல, என் குழந்தை" என்பாள். அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் அக்கா அந்தக் குழந்தையைச் சித்தியின் இடுப்புக்கு மாற்றிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவாள்.

மற்றதெல்லாம் சித்தி. பால் புட்டிகளைக் கொதிநீரில் போடுவது, ஊட்டுவது, கழுவிவிடுவது, மதியம் தூங்கவைப்பது. பின்னறையில் பாய்களை வரிசையாக விரித்து, ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டி, நடுவில் உட்கார்ந்துகொள்வாள். ஒரு கை ஒன்றைத் தட்டும், மறு கை இன்னொன்றைத் தட்டும், நீட்டிய கால் மூன்றாவதை ஆட்டும். அந்த அறைக்குள் போன் வரக்கூடாது என்பது சித்தி போட்ட ஒரே சட்டம். அந்த வீட்டில் அவள் பேச்சு எடுபட்டதும் அது ஒன்றில்தான். அவளுடைய போன் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பின்னால், சத்தம் அணைத்துக் கிடக்கும்.

சம்பளம் கிடையாது. "உனக்கு எதுக்குடி சம்பளம்? நீ என்ன வெளி ஆளா?" என்பாள் அக்கா. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது சித்தி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அக்காதான் கூட்டி வந்து வைத்துக்கொண்டாள். அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்தபோது பள்ளிக்கூடம் நின்றது. இரண்டாவது பிள்ளையும் நடக்கத் தொடங்கியபின் காப்பகம் ஆரம்பித்தார்கள். நடுவில் தனக்கு முப்பது கடந்துபோனதை சித்தி கவனித்தாள். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒரு நாள் செருப்பு வார் அறுந்தது. வாசலில் ஒரு குழந்தையின் அப்பா நின்றிருக்கிறார் என்பதைப் பார்க்காமல், "அக்கா, செருப்பு ஒண்ணு வாங்கணும்" என்று சொல்லிவிட்டாள். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா சார்? இவளுக்குச் செருப்பு வாங்கியே நான் ஆண்டியாயிடுவேன் போல." அவரும் சிரித்தார். சித்தியும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த குழந்தைகளின் மலச் சட்டிகளை மறுபடி கழுவினாள், நெடுநேரம்.

அந்த வாரமே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, மருந்து வாங்கும் வரிசையில் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். மருத்துவமனை ஊழியர்களின் பிள்ளைகளுக்காகக் காப்பகம் திறக்கிறார்களாம். பொறுப்பாளர் தேவை. அனுபவம் முக்கியம். பயோடேட்டாவை வாயிலில் உள்ள பெட்டியில் போடவும்.

அங்கே எல்லோர் கழுத்திலும் அட்டை தொங்கியது. தரை துடைக்கிறவருக்கும் அட்டை, அதில் அவர் பெயர். மருந்து கொடுக்கும் பெண் வேலை முடிந்து அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனாள். சித்தி அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்காவிடம் சொல்ல ஒரு வாரம் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது. இரவு சாப்பாட்டில் சொன்னாள். மாமா, அக்காவின் வீட்டுக்காரர், தட்டிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. அக்கா அவர் தட்டில் ரசம் ஊற்றினாள்.

"போடேன். யாரு வேணாம்னா? உனக்கு நல்லது நடந்தா எனக்குச் சந்தோஷம் இல்லையா?"

இவ்வளவு சுலபமாக முடியும் என்று சித்தி எண்ணவே இல்லை.

"ஆனா என் நம்பரைப் போடு" என்றாள் அக்கா. "உன் போன் எப்பவும் உப்பு ஜாடிக்குப் பின்னாடி தூங்குது. அப்படியே எடுத்தாலும் 'ம்... ம்...'னு முனகுவ. லைன் கட்டாயிடுச்சுன்னு அவங்க வெச்சுட்டுப் போயிடுவாங்க."

அது உண்மைதான். தெரியாத குரல் போனில் வந்தால் சித்தியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பிரிண்ட் கடை நடத்துகிறவள் சித்தியின் வயதுக்காரி. கீபோர்டைப் பார்க்காமலே தட்டுவாள், ஆளைப் பார்க்காமலே பேசுவாள்.

"பேரு?"

"சித்தி."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "ஏங்க, ஆஸ்பத்திரிக்கே சித்தியாகப் போறீங்களா?"

சித்தி வெட்கத்தோடு தன் பெயரைச் சொன்னாள். சொல்லும்போது அது வேறு யாரோ ஒருத்தியின் பெயர்போல இருந்தது.

"என்ன வேலை தெரியும்?"

"பொறுமையா இருப்பேன். பொய் சொல்ல மாட்டேன். நல்லா உழைப்பேன்."

"இதைத்தான் எல்லாரும் எழுதறாங்க. சோம்பேறி, திருடின்னு எவளாவது எழுதுவாளா? குணத்தைச் சொல்லாதீங்க, செஞ்சதைச் சொல்லுங்க. காலையில எழுந்தா என்ன பண்ணுவீங்க?"

சித்தி சொல்லத் தொடங்கினாள். முதலில் திக்கித் திக்கி, பிறகு நிற்காமல். புதிதாக வந்த குழந்தைக்கு அதன் அம்மாவின் பழைய புடவைத் துண்டை மடியில் கொடுத்துப் பழக்குவது. யாருக்கு எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்பதைக் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டி வைப்பது. ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்த அன்று ஒருக்களித்துப் படுக்கவைத்து, டாக்டர் வரும்வரை மற்றவற்றைப் பயப்படாமல் வேறு அறைக்கு மாற்றியது. பிரிண்ட் கடைக்காரி இப்போது அவள் முகத்தைப் பார்த்தே தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா பேரு, சாதி, மதம், உயரம், எடை எதுவும் வேணாம். 'மேற்கண்டவை யாவும் உண்மை'ன்னு சத்தியமும் வேணாம், இது கோர்ட்டு இல்ல. ஒரே பக்கம். படிக்கிறவங்க டீ ஆறதுக்குள்ள படிச்சு முடிக்கணும்." பிறகு, "எல்லாத்துக்கும் மேல ஒண்ணு வேணும். உங்களால மட்டும் முடியற ஒண்ணு" என்றாள்.

சித்தி நீண்ட நேரம் யோசித்தாள். "ஒரே அறையில எட்டுக் குழந்தையைத் தூங்கவைப்பேன். ஒண்ணு எழுந்து அழுதா, மத்தது எழுந்திரிக்காம பாத்துக்குவேன்."

"அதேதான்" என்று அதை முதல் வரியாகப் போட்டாள் அவள். போன் நம்பர் இடத்துக்கு வந்ததும் மட்டும் முகத்தைச் சுளித்தாள். "வேலைக்குப் போறது நீங்க. நம்பர் அக்காவுதா?"

"அக்கா நல்லா பேசுவாங்க."

"ம்" என்றாள் அவள். அந்த நம்பரையே தட்டினாள்.

காகிதம் சூடாக வெளியே வந்தது. சித்தி அதை வாங்கித் தெருவோரமாக நின்று படித்தாள். தன்னைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுத விஷயம் இருக்கும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை. ஒன்றை மருத்துவமனைப் பெட்டியில் போட்டாள். இன்னொன்றை ஒரு மழலையர் பள்ளிக்குத் தபாலில் அனுப்பினாள்.

பிறகு காத்திருந்தாள். மாலையில் அக்கா சும்மா உட்காரும் நேரம் பார்த்து, காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்பாள்.

"யாராவது பேசினாங்களாக்கா?"

"வந்தா சொல்ல மாட்டேனா?"

வாரங்கள் போயின. ஒரு நாள் அக்காவே, "அந்தக் காகிதத்தைக் கொண்டா பாப்போம்" என்று வாங்கிப் படித்தாள். முதல் வரியிலேயே சிரித்துவிட்டாள். "எட்டுக் குழந்தையைத் தூங்கவைப்பேன்னு எழுதுவாங்களாடி? மயக்க மருந்து குடுக்கறேன்னு நெனச்சுக்கப் போறாங்க! மூக்கு துடைச்சது, மூத்திரம் துடைச்சதெல்லாம் பயோடேட்டால வருமா? கௌரவமா எழுத வேணாமா?"

அக்கா உலகம் தெரிந்தவள். சித்தி மறுபடி பிரிண்ட் கடைக்குப் போனாள். வலிப்பு போயிற்று, புடவைத் துண்டு போயிற்று, எட்டுக் குழந்தைகள் போயின. 'கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றும் திறன் மிக்கவர்' என்று வந்தது.

"இது நீங்க இல்ல" என்றாள் பிரிண்ட் கடைக்காரி.

"அது சரியில்லைன்னுதானே யாரும் கூப்பிடல?"

அதை ஒரு பெரிய அலுவலகத்தின் காப்பகத்துக்கு அனுப்பினாள். அங்கிருந்தும் சத்தமில்லை. மூன்றாவது முறை இன்னும் சுருக்கினார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துத் தந்தாள். பிளாஸ்டிக் உறை ஒன்றுகூட வாங்கி வந்தாள். "மனசை விட்டுடாதடி" என்று அவள் தலையைத் தடவினாள். அந்தக் கையின் சூட்டில் சித்திக்கு அழுகை வந்தது. தன்னைப் பற்றி உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்காது, சொல்லாவிட்டாலும் கிடைக்காது. ஆக, தன்னிடம்தான் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

சில நாட்கள் அக்கா போன் மணி அடித்ததும் அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவாள். வந்ததும் கையில் கிடைத்த குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுப்பாள். எதையும் பார்த்துக்கொண்டே இருக்கும் சித்தி அதையும் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

மூன்றாவது காகிதத்தையும் போட்டுப் பார்க்கலாம் என்று மறுபடி மருத்துவமனைக்குப் போன அன்று, பெட்டியைக் காணவில்லை. வாயில்காப்பவர், "மேல ஆபீஸ்ல குடுத்துடுங்கம்மா" என்று படியைக் காட்டினார். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். ஆனால் பின்னால் ஆட்கள் வந்துவிட்டார்கள், அவர்களோடு ஏறிவிட்டாள்.

அலுவலகத்தில் இருந்த பெண்மணி காகிதத்தை வாங்கிப் பெயரைப் படித்ததும், மூக்கிலிருந்து கண்ணாடியை இறக்கினாள்.

"நீங்களா? அன்னிக்குப் போன்ல பேசினோமே."

"என்கூடவா?"

"உங்க குரல் வேற மாதிரி இருக்கே. போன்ல படபடன்னு பேசினீங்க."

சித்தியின் நாக்கு ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுத்துக் கேட்டாள். "நான்... என்ன பேசினேன்?"

அந்தப் பெண்மணி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "கல்யாணம் நிச்சயமாயிருக்கு, வெளியூர் போகப் போறேன், இனிமே வேலைக்கு வரதா இல்லன்னு சொன்னீங்க. நான்கூட வாழ்த்து சொன்னேனே. நீங்க ரொம்ப சந்தோஷமா தேங்க்ஸ் சொன்னீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க மேடத்துக்கு உங்களைத்தான் பிடிச்சிருந்தது. எட்டுக் குழந்தையைத் தூங்கவைக்கிறவங்களை வரச் சொல்லுன்னு தினம் கேட்டாங்க. நீங்க வரலைன்னதும்தான் வேற ஒருத்தரைப் போட்டோம்."

மின்விசிறி மேசைக் காகிதங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. சித்தி அவற்றையே பார்த்தாள்.

"கல்யாணம் என்னாச்சு?" என்றாள் அந்தப் பெண்மணி, மெதுவாக.

"அது என் அக்காங்க. எனக்குக் கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அக்காவை ஒரு பொய்க்காரியாக வேற்று மனிதர் முன்னால் நிறுத்த வாய் வரவில்லை.

"நின்னுபோச்சு" என்றாள்.

"ஐயோ பாவம்" என்று அந்தப் பெண்மணி எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டாள். நடக்காத கல்யாணத்துக்காக, வராத மாப்பிள்ளைக்காக, அந்த முன்பின் தெரியாத பெண் உண்மையாகவே வருந்தினாள். "பொறுப்பாளர் இடம் போயிடுச்சு. உதவியாளர் ஒருத்தர் வேணும். சம்பளம் கம்மி. பரவாயில்லையா?"

சித்தி தலையாட்டினாள். தனக்கு வர இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கீழே வேலை. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

வீடு வந்தபோது மதியத் தூக்க நேரம். சித்தி இல்லாததால் அறை சந்தையாகக் கிடந்தது. அவள் போர்வையைக் கட்டி, நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அடக்கினாள். கடைசிக் குழந்தையின் மூச்சு சீரானதும், கதவுக்கு வெளியே பெருமூச்சு விட்டு நின்ற அக்காவைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டாள். கத்த முடியாத இடம் அது ஒன்றுதான்.

"மாப்பிள்ளை யாருக்கா?" என்றாள், காற்றுபோன்ற குரலில்.

"எந்த மாப்பிள்ளை?"

"எனக்கு நிச்சயம் பண்ணியிருக்கியே, அவருதான். எந்த ஊரு? என்ன வேலை பாக்கறாரு? நல்லவரா?"

அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு அங்கங்கே ஒட்டிக்கொண்டு மீதி விழுந்தது. பாயின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

"இல்லடி... வேற என்ன சொன்னாலும் திரும்பக் கூப்பிடுவாங்க. கல்யாணம்னா விட்டுடுவாங்கன்னு..."

"என் பேரைச் சொல்லி, நானா பேசியிருக்க."

"மெதுவாப் பேசு, குழந்தை..."

"மெதுவாத்தான் பேசறேன். அந்த ஸ்கூல்ல இருந்து?"

அக்கா சுவரைப் பார்த்தாள்.

"அந்த ஆபீஸ்?"

"அவங்க ரெண்டு தடவை கூப்பிட்டாங்க" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது, தங்கையைப் பெருமையாகச் சொல்லும் தொனி அவளை அறியாமல் வந்துவிட்டது. சித்திக்கு அதுதான் தாங்கவில்லை.

"எல்லாரும் கூப்பிட்டிருக்காங்க. நான் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லைன்னு நெனச்சிட்டு இருந்தேன். நீ பக்கத்துல உக்காந்து என் காகிதத்தைத் திருத்திக்கிட்டு இருந்த. என் தலையைத் தடவிக் குடுத்த."

"நீ போனா இந்த வீடு நிக்குமாடி? இதுங்களை யாரு பாப்பா? எனக்குத் தூங்கவைக்கத் தெரியுமா? உன்னைத் தூக்கி வளர்த்தவ நான். அந்த உரிமைகூட எனக்கு இல்லையா?"

"போகாதேன்னு சொல்ல உரிமை இருந்துச்சு. ஏன் சொல்லல?"

"சொன்னா நீ முகத்தைத் தொங்கப் போட்டுக்குவ. நான் கெட்டவளா ஆயிடுவேன்."

அப்போதுதான் மாமா கதவருகே வந்து நின்றார். "ரெண்டு பேரும் கொஞ்சம் அடங்குங்க. நான் அன்னிக்கே இவகிட்டச் சொன்னேன், கல்யாண விஷயத்துல விளையாடாதேன்னு" என்றார், நியாயம் பேசுகிறவர்போல.

சித்தி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தினமும் இரவில் சாப்பாடு போடும்போது 'நம்ம வீட்டு வேலைக்காரம்மா எப்ப ஆபீசராவாங்க' என்று கிண்டல் செய்தவர். "உங்களுக்கும் தெரியுமா மாமா" என்றாள். கேள்வியாகக்கூட இல்லை. அவர் செருமிக்கொண்டு கூடத்துப் பக்கம் போய்விட்டார்.

ஒரு குழந்தை சிணுங்கியது. இரண்டு பேரின் கைகளும் ஒரே நேரத்தில் நீண்டன. அக்கா தன் கையை இழுத்துக்கொண்டாள். சித்தி தட்டிக்கொடுத்தாள். "திங்கட்கிழமை நான் போறேன்" என்றாள், குழந்தையைப் பார்த்தபடியே.

அதற்குப்பின் அக்கா அழுதாள், இரண்டு நாள் சாப்பிடவில்லை, பிறகு சாப்பிட்டாள். சித்தி எல்லா வேலையும் எப்போதும்போலச் செய்தாள். எந்தக் குழந்தை எப்படித் தூங்கும் என்று அக்காவுக்குக் காட்டிக்கொடுத்தாள். அக்கா பாதி கேட்டாள். பேசிக்கொண்டார்கள், பால் தீர்ந்துபோச்சு, துணி காஞ்சிருச்சு என்ற அளவுக்கு.

திங்கட்கிழமை காலை அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் அம்மாக்கள் கூடியிருந்தார்கள். அக்கா நடுவில், இடுப்பில் ஒரு குழந்தையோடு.

"ஆமாங்க, பெரிய ஆஸ்பத்திரியில வேலை. நான்தான் பயோடேட்டா எழுதச் சொல்லி, பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு எழுத்தா பாத்து அனுப்பி வெச்சேன். எத்தனை நாளைக்கு இவளை வீட்டுக்குள்ளேயே வெச்சிருக்கிறது? அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேணாமா?"

"உங்களை மாதிரி அக்கா கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றாள் ஒரு தாய். எல்லோரும் சித்தியின் பக்கம் திரும்பி, அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்கள். அக்காவும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. அதே நேரத்தில், இவள் வாய் திறக்க மாட்டாள் என்ற உறுதியும் இருந்தது.

அந்த உறுதிதான் சித்தியைச் சுட்டது. இத்தனை வருடமும் அக்காவைக் காப்பாற்றியது தன் வாயடைப்புதான் என்று அப்போது புரிந்தது. அலுவலகத்திலும் அதையேதான் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

"இல்லீங்க" என்றாள் சித்தி. குரல் நடுங்கியது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "பொறுப்பாளர் வேலைக்குத்தான் கூப்பிட்டாங்க. எனக்குக் கல்யாணம்னு சொல்லி அக்கா வேணாம்னுட்டாங்க. இப்ப உதவியாளரா போறேன்."

ஒரு அம்மா தன் குழந்தையின் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். அக்காவின் வாய் திறந்தது. அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இடுப்பில் இருந்த குழந்தை சித்தியைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டியது.

சித்தி அதன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். தூக்கிக்கொள்ளவில்லை. படியிறங்கித் தெருவுக்கு வந்தபோது பின்னால் குழந்தையின் அழுகை எழுந்தது. அதைச் சமாதானப்படுத்த ஆளுக்கு ஆள் பேசும் சத்தம் கேட்டது. பேருந்து நிறுத்தம்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவு தூரம் கேட்க வழியில்லை என்று தெரிந்தும்.